வடசுவரின் வெயில்: கடற்கோட்டையைப் படம்பிடித்தல் குறித்து

காங்கேசன்துறை ஏறத்தாழ 9 பாகை 49 கலை வட அகலக்கோட்டில் அமைந்திருக்கிறது. பூகோள நூலார் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடும் இச்செய்தி, கமராவைக் கையிலெடுத்துக்கொண்டு அக்கரைக்குச் செல்பவனுக்கு அவன் தொழிலின் இலக்கணத்திற் பாதியாகும். ஆண்டில் இருமுறை, சித்திரை வருடப்பிறப்பை அடுத்த நாள்களிலும் ஆவணியின் நடுப்பகுதியை அண்டிய நாள்களிலும், நண்பகற் சூரியன் இவ்வூரின் உச்சிக்கு நேரே வந்து நிற்கிறது. இவ்விரண்டு காலங்களுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் அது உச்சியைக் கடந்து வடக்கே சாய்ந்து நிற்கிறது. புரட்டாதியிற் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து பங்குனியில் மீண்டும் அவை சமமாகும் நாள் வரைக்குமோ, வடக்கு நோக்கிய சுவர் எதுவாயினும், அது வீட்டின் சுவராயினும் கோயில் மதிலாயினும் கோட்டை அரணாயினும், அதன் முகத்தில் ஒரு நாழிகையேனும் நேர்வெயில் படுவதில்லை.

இதனைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புவோர் காங்கேசன்துறையில் 1893 இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கலாம். பட்டை பட்டையாகப் பல முகங்களோடு நிமிர்ந்து நிற்கும் அக்கோபுரத்தின் கடல் நோக்கிய முகம், மார்கழி நண்பகலில் முற்றும் நிழலாகக் கிடக்க, ஊர் நோக்கிய முகம் கண்கூசும்படி ஒளிர்கிறது. ஆனி மாதத்திலோ இந்நிலை தலைகீழாகிறது. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கிய பின்னர், கடல்வழியாக வந்து இக்கரையை முதன்முறை காண்போர் தொகை பெருகியிருக்கிறது. அவர்கள் கண்ணிற் படுவது கரையின் வடமுகமே. ஆதலின் அவர்கள் வாடைக்காலத்தில் எடுக்கும் படங்களிற் கரை கறுத்தும், சோளகக்காலத்தில் எடுக்கும் படங்களில் வெளுத்தும் தோன்றுவது கமராவின் குற்றமன்று. சூரியன் நின்ற திசையின் விளைவேயாகும்.

ஒரு கடலோரக் கோட்டையைப் படம்பிடிக்கும் விஷயத்தை ஆராயப் புகுந்த யான் வெயிலின் போக்கைப் பற்றி இவ்வளவு சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து மேற்கே, கீரிமலையைக் கடந்து, பொன்னாலைப் பாலத்தால் காரைநகரை அடைந்தால், நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரில் ஒரு சிறு கோட்டை நிற்கிறது. ஒல்லாந்தர் அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். நம்மவர் அதனைக் கடற்கோட்டை என்பர். யாழ்ப்பாணத்துச் சரித்திரக் கட்டிடங்களுள் இதனைப்போல அடிக்கடி படமெடுக்கப்படுவது பிறிதொன்றில்லை எனலாம். இதனைப்போலக் குறைவாகப் படத்தில் அகப்பட்டதும் பிறிதில்லை என்பது என் துணிபு. எடுக்கப்படும் படங்களுட் பெரும்பான்மை ஒரே திசையில் நின்று, ஒரே வேளையில், ஒரே நோக்கத்தோடு எடுக்கப்பட்டவை. கோட்டையின் வடசுவர் அவற்றில் இல்லை. அச்சுவரே கடலின் அடியை அதிகம் தாங்கிய சுவர். வரலாற்றாசிரியனுக்கு அதிகம் வேண்டப்படுவதும் அதுவே.

கோட்டையின் விருத்தாந்தத்தைச் சுருங்கக் கூறி மேலே செல்வோம். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், பட்டினத்திற் பெருங்கோட்டையொன்றை எழுப்பியதோடு அமையாது, பரவைக்கடலுக்குட் புகும் மரக்கலங்கள் எல்லாம் கடக்கவேண்டிய நீர்வழியையும் காவல்செய்ய எண்ணினர். ஊர்காவற்றுறை அக்காலத்தில் யானைகளைக் கப்பலேற்றும் பெருந்துறை. அத்துறையைத் தன் கைக்குள் வைத்திருப்பவனிடமே குடாநாட்டின் கடல்வாணிகம் அகப்பட்டிருந்தது. இக்காரணத்தாற் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீர் நடுவே திட்டொன்றில் இக்கோட்டை எழுந்தது. 1658 இல் ரைக்லோப் வான் கூன்ஸ் என்னும் ஒல்லாந்தத் தளபதி யாழ்ப்பாணத்தை முற்றுகையிட்டபோது பெருங்கோட்டைக்கு முன்னதாகவே இச்சிறுகோட்டை பணிந்தது. சுற்றிலும் நீர் சூழ்ந்திருக்க உள்ளிருந்தோர் குடிநீரின்றி வாடினர் என்பது வென்றவர்கள் எழுதிவைத்த செய்தி. ஒல்லாந்தர் கோட்டையைப் பின்னர்த் திருத்திக் கட்டினர். அத்திருத்தத்திற் கடலலையால் நலிந்த வடபுறமும் அடங்கியிருந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளல் நன்று. 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பிற்காலத்தில் இது தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமாகவும் சிறையாகவும் பயன்பட்டது. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கைதானோரும் இதனுள் அடைக்கப்பட்டிருந்தனர். இன்று இது கடற்படையின் பொறுப்பில், பிரயாணிகள் தங்கும் விடுதியாக இருக்கிறது.

புகைப்படம் தோன்றுவதற்கு முன்னரே இக்கோட்டைக்குச் சித்திரம் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1658 முதல் சில ஆண்டுகள் மதபோதகராக இருந்த பிலிப்பஸ் பால்டேயஸ், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலை 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்டார். அந்நூலிலுள்ள செதுக்குச் சித்திரங்கள் இன்றும் நம் அறிஞராற் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவை மதிப்புடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும் செப்புத் தகட்டிற் சித்திரத்தை வெட்டிய கம்மியன் யாழ்ப்பாணத்தைக் கண்டவனல்லன். அவனுக்குக் கிடைத்தவை வரைவும் விவரமும் மாத்திரமே. ஆதலின் சுவர் என்றால் அவன் கைக்குப் பழகிய சுவரும், அலை என்றால் அவன் கைக்குப் பழகிய அலையுமே அவன் உளியில் வந்தன. மேலும் அக்காலத்துக் கோட்டைச் சித்திரம் பெரும்பாலும் பறவையொன்று வானிலிருந்து நோக்கினாற்போல அமைக்கப்படுவது. கொத்தளம் எத்தனை, வாயில் எங்கே, கப்பல் எங்கே நங்கூரமிடலாம் என்று ஆள்வோர் அறியவேண்டியதை அது தெளிவாகக் காட்டும். சுவர் எதனாற் கட்டப்பட்டது, எங்கே பிளந்தது, எங்கே ஒட்டப்பட்டது என்பதை அது காட்டாது. காட்டவேண்டும் என்று அதனை வரைந்தோர் கருதவும் இல்லை.

1839 இற் பிரான்சிலும் இங்கிலாந்திலும் புகைப்படக் கலை பகிரங்கமான பின்னர், அதிக காலம் செல்லாமலே இலங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. 1852 அளவில் பிரெடெரிக் பீபிக் இலங்கைக் காட்சிகளைப் படமெடுத்து, அச்சிட்ட தாளின்மேற் கையால் வர்ணந் தீட்டினார். 1851 இற் பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் கண்ட கொலோடியன் முறை பரவியதும், கண்ணாடித் தகட்டின்மேல் மருந்து பூசி, அம்மருந்து ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே கூடாரத்தினுட் புகுந்து உருவத்தை வெளிப்படுத்தும் வழக்கம் நிலைபெற்றது. வெப்பமும் உப்புக்காற்றும் மிகுந்த நம் கரையில் அத்தகடு எவ்வளவு விரைவில் உலர்ந்துவிடும் என்பதை எண்ணிப் பார்த்தால், வள்ளத்தில் நின்று கடற்கோட்டையைப் படமெடுத்தல் அக்காலத்தார்க்கு எத்துணை அருமையான காரியமாயிருந்திருக்கும் என்பது விளங்கும். அம்மருந்துக்கு வேறொரு குணமும் உண்டு. நீலம் அதனை விரைவிற் சுட்டுவிடும். செம்மையும் மஞ்சளும் மெல்லவே தாக்கும். ஆதலின் அக்காலப் படங்களில் வானம் பெரும்பாலும் மேகமேயில்லாத வெறும் வெண்மையாக நின்றது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் ட்ரைப், இவ்வெறுமையைச் சகியாது, தம் எதிர்ப்படங்களின்மேல் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார்.

ட்ரைப்பை இங்கே நினைப்பதற்கு மேகங்களினும் வலிய காரணம் ஒன்று உண்டு. 1858 இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றபோது, வானளாவும் விமானத்தை மாத்திரம் படமெடுத்துத் திரும்பிவிடாமல், அதன் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளை, கமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டு, அடுத்தடுத்துப் படமெடுத்து, அப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளொன்றாக ஆக்கினார். தாம் வாசிக்கவியலாத மொழியிற் பொறிக்கப்பட்ட சுவரொன்றை, அது வாசிக்கத்தக்கவர் கைக்குச் சேரவேண்டும் என்னும் எண்ணத்தோடு, விரற்கடை விரற்கடையாகப் பதிவுசெய்த அச்செயலை, கட்டிடங்களைப் படமெடுக்கும் கலையின் மிக உயர்ந்த முயற்சிகளுள் ஒன்றாக யான் மதிக்கிறேன். 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் தொல்பொருட் குழுவுக்காகப் படமெடுத்த ஜோசப் லோட்டனும் இம்மரபினரே. கொழும்பிலும் கண்டியிலும் விற்பனைக்குப் படமெடுத்த பெரிய நிறுவனங்களின் கண் வேறிடத்தில் இருந்தது. தேயிலைத் தோட்டமும் தெங்கந் தோப்பும் கண்டி ஏரியும் விலைபோயின. முருகைக்கற் சுவருக்கு அங்கே வாங்குவோர் இலர்.

முருகைக்கல் என்றேன். கடற்கோட்டையின் சுவரை அணுகி, கன்னம் கல்லிற் படுமளவுக்குக் கிட்ட நின்று பார்த்தவர்க்கே அச்சொல்லின் பொருள் முழுதும் புலப்படும். கல்லின் முகத்தில் வளைந்து வளைந்து செல்லும் நுண்ணிய வரப்புகள், அடுத்த கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பதிந்த சிறு குழிகள், அதற்கடுத்த கல்லில் ஓடு ஒட்டிய சிப்பியொன்றின் அரைவட்டம் எனக் கடலில் வாழ்ந்த உயிர்களின் கூடுகளே அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து சில இடங்களில் கல்லினும் உறுதியாக நின்று, கல் அரிக்கப்பட்டுப் பின்வாங்கிவிட, தான் மாத்திரம் முன்னே துருத்திக்கொண்டிருக்கிறது. உப்பு நீர் கல்லின் துளைகளுட் புகுந்து, வெயிலில் உலர்ந்து, உப்பாய் உறைந்து விரிய, கல்லின் மேற்றோல் மாவாகி உதிர்கிறது. இன்னும் சில இடங்களிற் சீமெந்து பூசிய ஒட்டுகள் தெரிகின்றன. சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. ஆதலின் ஒட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள பழைய கல்லே முதலிற் சிதைகிறது. போர்த்துக்கேயர் வைத்த கல் எது, ஒல்லாந்தர் திருத்திய வரிசை எது, நேற்றைய கொத்தனார் பூசிய பூச்சு எது என்பதெல்லாம் இச்சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. கடலிலிருந்து முருகைக்கல் அகழ்வது இக்காலத்திற் சட்டத்தாற் தடுக்கப்பட்டுள்ளது. அது வேண்டிய தடையே. அதனால், இச்சுவரிலிருந்து ஒரு கல் விழுந்தால் அக்கல்லையே எடுத்து அதன் இடத்தில் மீண்டும் வைக்கவேண்டியவர்களாயிருக்கிறோம். அதன் இடம் எது என்று சொல்லவல்லது முன்னெடுத்த படம் ஒன்றே.

இனி, இச்சுவர் ஏன் படங்களில் அகப்படுவதில்லை என்பதை நோக்குவோம். கோட்டை உயரமில்லாதது. பீரங்கிக்குத் தப்பவேண்டிய கடலரண் நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடத்தலே முறை. காண்போர் வியக்க நிமிர்ந்து நிற்றல் அதன் வேலையன்று. கரையில் நின்று படமெடுத்தால் வானம் ஒரு பாதியும் நீர் ஒரு பாதியுமாக, இரண்டுக்கும் நடுவே கோட்டை ஒரு மெல்லிய கீற்றாகவே விழும். அக்கீற்றை அழகாக்க எளிய வழி அந்திவேளையாகும். காரைநகர்க் கரையிலிருந்து பார்ப்பவனுக்குக் கோட்டை தெற்கும் மேற்குமான திசையில் அமைந்திருப்பதால், மாலைச் சூரியன் அதன் பின்னே இறங்குகிறது. வானம் செக்கர் பூசிக்கொள்ள, கோட்டை கருமையே வடிவாய் நிற்கிறது. அழைப்பிதழ்களிலும் விளம்பரத் தாள்களிலும் நாம் காணும் கடற்கோட்டை இதுவே. இப்படத்தை வெறுக்குமாறு யான் எவரையும் கேட்கவில்லை. செக்கர் வானத்தின் அழகை மறுப்பவன் கண்ணிலான். ஆனால், கோட்டைச் சுவரின் ஒரு கல்லையேனும் காட்டாத படமொன்று கோட்டையின் படமென்று வழங்குவதை ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்ளலாகாது. அங்கே படமாகியிருப்பது வானம். கோட்டை அதன் விளிம்பு.

காலைவேளையில் அதே கரையில் நின்றால் சூரியன் முதுகுப்புறம் இருக்கிறது; கோட்டையின் கீழ்ப்புற முகம் முழு வெயிலில் விளங்குகிறது. தை மாதத்தில், மழை ஓய்ந்து காற்றிற் புழுதியின்றி வான்வெளி கழுவிவைத்தாற்போல் இருக்கும் நாள்களில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் நின்று நோக்கினால் தென்முகம் நண்பகல் வரைக்கும் தெளிவாகத் தெரியும். இரு கரைக்கும் இடையே மக்களை ஏற்றிச் செல்லும் மிதவையை நம்மூரார் பாதை என்பர். அப்பாதையில் ஏறிக் கடப்பவர்க்கு, கோட்டை மெல்ல மெல்லத் தன் பக்கங்களைத் திருப்பிக் காட்டுவதும் உண்டு. இவ்வளவும் எவரும் அனுமதி வேண்டாது செய்யத்தக்கன. இவற்றையேனும் முறையாகச் செய்தவர் சிலரே.

வடசுவரோ இவ்வொழுங்குக்கு அகப்படாது. அது திறந்த கடலை நோக்கியது. வள்ளத்திற் சென்றே காணவேண்டியது. கடற்படையின் அனுமதியின்றி அணுகலாகாதது. அனுமதி பெற்றுப் போவோரும் மழை நீங்கிய குளிர்காலத்திலே போகின்றனர். அப்பருவத்தில் அச்சுவரில் வெயில் இல்லை என்பதை மேலே கண்டோம். வாடைக்காற்று ஐப்பசி தொடங்கிப் பாக்குநீரிணையைக் கலக்கும் மாதங்களும், வடசுவர் நேர்வெயிலின்றி இருண்டு கிடக்கும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே என்பது, இவ்விஷயத்தை ஆராய்ந்தபோது என் மனத்தை மிகவும் பற்றிய செய்தி. கடல் அச்சுவரைத் தாக்கும் பருவத்தில் அது நிழலில் இருக்கிறது. தாக்குண்ட வடு வெளிச்சத்துக்கு வருவது கோடையிலே. ஊர்காவற்றுறைத் துறையடியில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, அவர் வலையிலிருந்து கண்ணெடாமலே, "அந்தப் பக்கம் இப்ப வெயிலும் இல்லை, வள்ளமும் ஒரு இடத்திலை நிக்காது தம்பி. சோளகத்துக்கு வாங்கோ, அப்ப வடக்குப் பக்கம் தண்ணி அசையாது" என்றார். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது. அப்பொழுது கோட்டையே காற்றுக்குக் குறுக்கே நின்று தன் வடபுற நீரை அமைதியாக வைத்திருக்கிறது. சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் பருவமும் அதுவே. பகலெல்லாம் ஏடுகளைப் புரட்டி யான் கண்டறிந்ததாக எண்ணியிருந்ததை, அம்முதியவர் தொழிலால் அறிந்து ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

ஆனி மாதத்து நண்பகற் சூரியன் இங்கே தரைக்கு ஏறத்தாழ 76 பாகை உயரத்தில் வடவானில் நிற்கும். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் கதிர் செங்குத்தான சுவரை நேரே தாக்காது, அதன் முகத்தோடு உராய்ந்துகொண்டு கீழிறங்குகிறது; அதனால் ஒவ்வொரு கல்லின் மேல்விளிம்பும் ஒளிபெற்று, அதன் கீழே மயிரிழை நிழலொன்று விழுகிறது; தேய்ந்த கல் எது, துருத்திய சாந்து எது என்பதை அந்நிழலே வரைந்து காட்டுகிறது. பொதுவாகப் படப்பிடிப்போர் நடுப்பகலை வெறுப்பர். முகத்தைப் படமெடுப்பவர்க்கு அவ்வெறுப்புத் தகும். சுவரைப் படமெடுப்பவர்க்கு, நடுப்பகலும், அச்சுவருக்கு உரிய பருவமும் கூடிய அரைமணி நேரம் கிடைத்தற்கரியது. அப்பருவத்திற் காற்றில் உப்பும் புழுதியும் மிகுதி என்பதும் மெய். வில்லையின் முகத்தைத் துடைத்துத் துடைத்தே தொழில் செய்யவேண்டும். நீரிலிருந்து மேலெழும் ஒளித்தெறிப்புச் சுவரின் அடிப்பகுதியில் ஆடும்போது, ஒரே இடத்தைப் பலமுறை படமெடுத்து, ஆட்டம் குறைந்ததைத் தெரிந்தெடுக்கவேண்டும்.

ஒளிக்கு அடுத்தபடி வேண்டுவது கோணம். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். சுவர் பின்னோக்கி விழுவதுபோல் தோன்றும். அச்சரிவு சுவரின் உண்மையான சாய்வா, கமராவின் சாய்வா என்பதைப் பிற்காலத்தான் பிரித்தறிய வழியில்லை. கோட்டை மதில்கள் அடியில் அகன்று மேலே ஒடுங்கக் கட்டப்படுவன. அந்த ஒடுக்கத்தின் அளவே கட்டியவர் கைத்திறத்துக்குச் சான்று. ஜெர்மனியில் 1858 இல் வெட்ஸ்லார்ப் பேராலயத்தை அளக்க ஏறி, மேலிருந்து விழுந்து உயிரிழக்கும் நிலையிலிருந்து தப்பிய அல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் கட்டிடக் கலைஞர், ஏறி அளப்பதற்கு ஈடாகப் புகைப்படத்திலிருந்தே அளவெடுக்கலாமே என்று சிந்தித்து, அதனை ஒரு சாஸ்திரமாக வளர்த்தார். 1885 இற் பிரஷ்ய அரசாங்கம் அதற்கென்றே பெர்லினில் ஒரு நிலையம் அமைத்தது. இன்று சாதாரணக் கணினியொன்று, நூற்றுக்கணக்கான படங்களை ஒருங்கே வைத்துக் கோட்டை முழுவதையும் முப்பரிமாணத்தில் மீட்டுருவாக்கவல்லது. அதற்கு வேண்டுவன, ஒவ்வொரு படமும் அடுத்த படத்தைப் பெரும்பகுதி தழுவிக்கொள்ளுமாறு சுவரைச் சுற்றிவரும் பொறுமையும், அளவுகோலொன்றைச் சுவரருகே வைத்துப் படத்திற் சேர்த்துக்கொள்ளும் கவனமுமே. ட்ரைப் தஞ்சையிற் செய்ததை இன்று கைத்தொலைபேசி கொண்டே ஒரு பாடசாலை மாணவன் செய்யலாம்.

செய்யாமல் விட்டதன் விலை என்ன என்பதற்கு யாழ்ப்பாணத்துக்கு வெளியே தேடவேண்டியதில்லை. பட்டினத்துப் பெருங்கோட்டையினுள், சிலுவை வடிவில், 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமொன்று நின்றது. முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த அத்தேவாலயம் இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்று, 1990 ஆம் ஆண்டு முற்றுகையிலும் அதன் பின்வந்த யுத்த காலத்திலும் இடிந்து மண்மேடாயிற்று. இன்று அதன் உள்வடிவை அறிய விரும்புவோர்க்கு எஞ்சியுள்ளவை சில எழுத்துகளும் சில படங்களுமே. ஜே. பி. லூயிஸ் 1913 இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறைகள் பற்றிய நூலில் அங்கிருந்த கல்லறை வாசகங்கள் பதிவாகியுள்ளன; டபிள்யூ. ஏ. நெல்சன் 1984 இல் வெளியிட்ட ஒல்லாந்தக் கோட்டைகள் பற்றிய நூல், அழிவுக்குச் சற்று முன்னதாக நம் கோட்டைகளைக் கண்டு எழுதியது என்னும் ஒன்றாலேயே விலைமதிப்பற்றதாயிற்று. அழகுக்காக எடுத்த படங்களைவிட, விவரத்துக்காக எடுத்தவையே இன்று நமக்கு உதவுகின்றன. பாடசாலைப் பிள்ளைகள் சுற்றுலாச் சென்றபோது தேவாலய வாயிலில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. பிள்ளைகளின் பின்னே தற்செயலாக விழுந்த தூணும் வளைவும் சன்னற் சட்டமும் இன்று சரித்திரச் சாதனங்களாகும். அப்படங்களும் பல போயின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஊரின் நினைவில் ஒரு பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது, கையில் எடுத்தவை குழந்தைகளும் உணவும் உடுபுடைவையும். படத்தொகுப்புகள் அலுமாரிகளிலேயே தங்கின.

காங்கேசன்துறையின் நிலை இன்னும் கொடிது. 1990 ஆனி மாதத்தில் அவ்வூரார் வெளியேறியபின், துறைமுகமும் சீமெந்துத் தொழிற்சாலையும் கலங்கரை விளக்கமும் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. ஓர் ஊரின் மக்கள் தங்கள் கரையை ஒரு தலைமுறைக்காலம் கண்ணாலும் காணாதிருந்தனர். படமெடுத்தலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கமரா வைத்திருத்தலே ஐயத்துக்கு இடமாயிருந்த காலம் அது. யுத்தம் முடிந்து நிலங்கள் சிறிது சிறிதாக விடப்பட்டபோது திரும்பிச் சென்றவர்கள், தம் வீடு நின்ற இடத்தைக் கிணற்றையும் மரத்தையும் வைத்தே அடையாளங் கண்டனர். இக்கரையின் புகைப்பட வரலாற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வெற்றிடம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் பூச்சு எந்த ஆண்டில் உதிர்ந்தது, எந்த வாடையிற் கரை எவ்வளவு உள்வாங்கியது என்பனவற்றைச் சொல்ல நம்மவர் எடுத்த படம் கிடைப்பதரிது. வெற்றிடத்துக்கு முன்னெடுத்த படங்கள் லண்டனிலும் டொரன்ரோவிலும் பாரிசிலும் பழைய பெட்டிகளிற் கிடக்கின்றன என்று நம்புவதற்கு இடமுண்டு. திருமணத்துக்கு முதல்நாள் விளக்கடியில் நின்று எடுத்த படமாயினும், கடற்குளிப்புக்குச் சென்ற குடும்பப் படமாயினும், பின்னணியிற் கட்டிடம் விழுந்திருப்பின் அதனை மின்பிரதியாக்கி நூலகங்களுக்கு அளிப்பது அவ்வப் படங்களை வைத்திருப்போர் கடனாகும்.

படத்துக்கு உயிர் அதன் குறிப்பிலிருக்கிறது. எடுத்த நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, வில்லையின் குவியத்தூரம் ஆகியன எழுதப்படாத படத்தை அதே இடத்தினின்று மீண்டும் எடுக்கவியலாது. மீண்டும் எடுக்கவியலாத படத்தைக்கொண்டு சுவர் தேய்ந்ததா நின்றதா என்று ஒப்பிடவும் இயலாது. பெருங்கோட்டையில் 2010 அளவிலே ஒல்லாந்த அரசின் உதவியோடு புனரமைப்புத் தொடங்கியபோது, விழுந்த கற்குவியலிலிருந்து எடுத்த கற்களை மீண்டும் மதிலேற்றும் வேலையைக் கண்டவர்கள், பழைய படங்களில் திசையும் தேதியும் குறிக்கப்பட்டிருப்பின் அவ்வேலை எவ்வளவு எளிதாயிருந்திருக்கும் என்பதை உணர்ந்திருப்பர். பெருங்கோட்டையின் மதிலிலும் வாடைப் பக்கமும் சோளகப் பக்கமும் உண்டு; அங்கும் இவ்வொழுங்கே செல்லும்.

கடற்கோட்டைக்கு ஆண்டில் இருமுறை போதும். புரட்டாதியில், வாடை எழுமுன், வெயில் வடசுவரை விட்டு நீங்குவதற்கு முந்திய நாள்களில் ஒரு சுற்று. சித்திரை பிறந்து வெயில் மீண்டும் அச்சுவரில் நிலைத்தபின் ஒரு சுற்று. இரண்டுக்கும் இடையே கடல் செய்த வேலை, இரு படங்களையும் பக்கத்திற் பக்கம் வைத்தால் கல்லுக்குக் கல் தெரியும். வான்கமராவுக்கு முறைப்படி அனுமதி பெறவேண்டும். வள்ளத்துக்குக் கடற்படையாரைக் கேட்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சரித்திரமும் தொல்லியலும் பயிலும் மாணவர் குழுவொன்று தொல்பொருட் திணைக்களத்தின் வாயிலாகக் கேட்குமாயின் அனுமதி மறுக்கப்படுவதற்கு நியாயமில்லை. கோட்டை விடுதியாயிருப்பதும் ஒரு வகையில் இதற்கு அனுகூலமே. உள்ளே போக்குவரத்து உண்டு, படகு உண்டு. வரும் சித்திரையில் தொடங்கினால், அடுத்த வாடை கழிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க முதல் இணைப்படம் கையில் இருக்கும்.